ஒரு சமன்பாடும் பல மண்களும்

மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அறிய நம்பகமான பழைய முறை ஒன்று உண்டு. ஈரமண்ணை நிறுத்து, 105 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். எடையில் குறைந்ததே நீரின் அளவு. ஆனால், 'இன்று பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சலாமா?' என்று கேட்பவருக்கு நாளை விடை கிடைத்து என்ன பயன்?

இக்குறையைப் போக்கிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 1980-ஆம் ஆண்டில் 'வாட்டர் ரிசோர்சஸ் ரிசர்ச்' என்னும் இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் கனடா நாட்டு அறிவியலார் டாப், டேவிஸ், அன்னன் ஆகிய மூவர். இத்துறையினர் அனைவரும் அறிந்த அக்கட்டுரையின் சிறப்பையும் எல்லையையும் சீர்தூக்கிப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும்.

அதன் அடிப்படை எளியது. மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1. குவார்ட்சு போன்ற கனிமங்களுக்கு 4 அல்லது 5. நீருக்கோ அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 80. எனவே மண்ணின் மாறிலி உயர்ந்தால் அதில் நீர் மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம். மின்காந்தத் துடிப்பு மண்ணில் செல்லும் வேகம் இம்மாறிலியின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். மாறிலி 20 ஆயின், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியில் துடிப்பு சென்று திரும்ப, ஒரு வினாடியை நூறு கோடிப் பங்குகளாக்கினால் அவற்றுள் நாலரைப் பங்கே ஆகும். அந்நேரத்தை அளந்துவிட்டால் மாறிலி தெரியும். மாறிலியிலிருந்து நீரின் அளவு தெரியும்.

மாறிலியையும் நீரையும் இணைக்கும் சமன்பாட்டை மூவரும் நான்கு கனிம மண்களில் சோதித்து அமைத்தனர். மண்ணின் நயம், அடர்த்தி, வெப்பநிலை, கரைந்த உப்பு ஆகியவற்றால் அது பெரிதும் மாறுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியே அளவீடு செய்யும் தொல்லை இதனால் நீங்கிற்று. இஃது அரிய தொண்டு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அச்சமன்பாட்டில் மாறி ஒன்றே ஒன்றுதான். கனிமம் எது என்று கேட்க அதில் இடமே இல்லை. குறை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இரும்பை எடுத்துக்கொள்வோம். துடிப்பின் வேகம் மின்காப்பு மாறிலியை மட்டுமன்றி, காந்த உட்புகுதிறனையும் பொறுத்தது என்பதை மாணவர்கள் அறிவர். மாக்னடைட் கலந்த மண்ணில் ஒப்புமை உட்புகுதிறன் 1.1 என்று வைத்துக்கொள்வோம். உண்மை மாறிலி 20 ஆக இருக்க, கருவி அதை 22 என்று கொள்ளும். சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 34.5 விழுக்காடாக வரவேண்டிய நீர் ஏறத்தாழ 37 விழுக்காடு ஆகிவிடும்! இல்லாத நீரைக் கருவி இருப்பதாகச் சொல்லும். ராபின்சன், பெல், பேச்சலர் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வும் இரும்புக் கனிமங்களால் நேரும் இத்தகைய பிழையையே எடுத்துக்காட்டியது.

அடுத்தது களிமண். களிமண் எல்லாம் ஒன்றல்ல. கயோலினைட் ஒரு கிராமின் புறப்பரப்பு சுமார் 20 சதுர மீட்டர்; மான்ட்மொரிலோனைட்டுக்கு அது 800 சதுர மீட்டரை எட்டும். நீர் மூலக்கூறுகளின் ஒரே ஓர் அடுக்கு அப்பரப்பில் படிந்தாலும், முன்னதில் 0.006 கிராம் நீரும், பின்னதில் 0.24 கிராம் நீரும் ஒட்டிக்கொள்ளும் என்பது எளிய கணக்கு. இறுகப் பற்றப்பட்ட இந்நீரின் மூலக்கூறுகள் மின்புலத்திற்கேற்பத் தடையின்றித் திரும்ப இயலா. ஆதலால் அவற்றின் மாறிலி 80-ஐவிட மிகக் குறைவு. நீர் இருந்தும் கருவி அதை முழுமையாகக் காண்பதில்லை. நம் செம்மண்ணில் கயோலினைட்டும், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மான்ட்மொரிலோனைட் வகையும் மிகுதி என்பதை இங்கு நினைவிற்கொள்வது நலம்.

மலிவான மின்தேக்கி வகைக் கருவிகளில் சிக்கல் இன்னும் கூடுதலாகும். அவற்றுள் பல 100 மெகா ஹெர்ட்ஸ் அளவிலோ அதற்குக் கீழோ இயங்குபவை. அங்கே களிமண்ணின் அயனிகளால் விளையும் மின்கடத்தல் மாறிலியை உயர்த்திக் காட்டும். ஆக, ஒரே களிமண் ஒரு கருவியில் குறைத்தும், மற்றொன்றில் மிகைத்தும் காட்டக் கூடும்.

இதற்காக அம்மூவரைக் குறை கூறுவது நியாயமாகாது. அங்ககப் பொருள் மிகுந்த மண்ணுக்கு வேறு கோடு தேவை என்பதை அவர்களே அக்கட்டுரையில் காட்டியுள்ளனர். நான்கு மண்களுக்குச் சொன்னதை உலக மண் அனைத்துக்கும் உரியதாக்கியது பின்வந்தோர் செயலே. சமன்பாட்டை மனப்பாடம் செய்து நிபந்தனையை மறந்துவிடும் வழக்கம் தேர்வுத்தாளில் சில மதிப்பெண்களைத்தான் பறிக்கும். வயலிலோ கிணற்று நீரையும் விளைச்சலையும் சேர்த்துப் பறித்துவிடும்.

பரிகாரம் கடினமன்று. கருவியைப் புதைக்கும் வயலிலிருந்தே நாலைந்து ஈர நிலைகளில் கன அளவு தெரிந்த மண்ணை எடுத்து, உலர்த்தி நிறுத்து, கருவியின் அளவோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் வரைந்தால் போதும். பழைய தராசு இன்னும் ஓய்வு பெற்றுவிடவில்லை. புதிய கருவிக்கு ஆசானாக விளங்குகிறது.