கேட்கத் தெரிந்த குழந்தை

நாலு வயசுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். தட்டில் முறுக்கு வருகிறது. 'எடுத்துக்கோ கண்ணு' என்கிறார்கள். குழந்தை தட்டைப் பார்ப்பதில்லை, அம்மாவின் கண்ணைப் பார்க்கிறது. அதில் இருப்பதைப் படித்துவிட்டு 'வேணாம்' என்கிறது. இரண்டாம் தடவையும் வேணாம். மூன்றாம் தடவை அவர்கள் வற்புறுத்தும்போது அம்மாவின் கண் இளகுகிறது, குழந்தையின் கை நீள்கிறது. 'புள்ளைய எவ்ளோ நல்லா வளத்திருக்கீங்க' என்று பாராட்டும் கிடைக்கிறது. அந்தக் குழந்தை என் மகள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்க்கையில் ஏற்பட்ட சங்கடத்திலிருந்து தொடங்குகிறது இக்கட்டுரை.

தன் கோரிக்கை நியாயமானதா என்று மதிப்பிடக் குழந்தை எங்கே கற்கிறது? வயது ஏற ஏறப் பகுத்தறிவு முதிர்கிறது என்பது பொதுவான பதில். ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட குழந்தையின் ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய நூலில், கோலி விளையாடும் ஸ்விஸ் சிறுவர்களை வைத்து இதைக் கொஞ்சம் நுட்பமாகச் சொன்னார். சின்னக் குழந்தைகளுக்கு விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்ற முடியாத ஒன்று. வளர்ந்த சிறுவர்களுக்கோ அது தமக்குள் பேசிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஆகவே நியாய உணர்வைப் பெரியவர்களின் உபதேசத்தைவிடச் சமவயதுக் கூட்டாளிகளுடனான கொடுக்கல் வாங்கல்தான் வளர்க்கிறது என்பது அவர் முடிவு. ஆனால் முறுக்குத் தட்டின் முன்னால் நடந்தது வேறு. அதே முறுக்குதான், அதே பசிதான். முதல் தடவை அநியாயமாக இருந்த ஆசை மூன்றாம் தடவை நியாயமாகிவிட்டது. பொருளில் மாற்றமில்லை, கேட்பவர்-கொடுப்பவர் உறவில்தான் ஏதோ சரிசெய்யப்பட்டிருக்கிறது.

இதை நம் இலக்கணம் எப்போதோ சொல்லிவிட்டது. இரத்தற்குரிய சொற்கள் மூன்று என்கிறார் தொல்காப்பியர்: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் கேட்பது 'ஈ', ஒத்தவன் கேட்பது 'தா', உயர்ந்தவன் கேட்பது 'கொடு'. எம்.ஏ. வகுப்பில் இந்தச் சூத்திரங்களை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கினோமே தவிர, இது எவ்வளவு பயங்கரமான பிரதி என்று யாரும் சொல்லித் தரவில்லை. என்ன கேட்கிறாய் என்பதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. வாயைத் திறக்கும் முன்பே நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பேசக் கற்பது என்பதே இந்த இடத்தைக் கற்பதுதான். நாம் 'அடம்' என்று பெயர் வைத்திருப்பது, 'ஈ' என்று கேட்க வேண்டியவர் 'கொடு' என்று கேட்டுவிடுவதை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. அதன் ஏழாவது பருவம் அம்புலி. குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுவது. சாம, பேத, தான, தண்டம் நான்கையும் பயன்படுத்தி, கெஞ்சியும் ஆசை காட்டியும் மிரட்டியும் கூப்பிடுவார்கள். நடக்கவே முடியாத ஒரு கோரிக்கையைக் குழந்தையின் பெயரால் பெரியவர்களே எழுப்பி, அதைக் கவித்துவம் என்று கொண்டாடியிருக்கிறோம். பாட்டுடைத் தலைவர் கடவுளாகவோ அரசராகவோ இருக்கும்வரை நிலாவைக் கேட்பதும் நியாயமே. கடைத்தெருவில் பலூன் கேட்கும் குழந்தைக்கு முதுகில் ஒன்று விழுகிறது.

இந்தப் பின்னணியில்தான் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைத் திரும்ப வாசித்தேன். அவர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு இந்தப் பெயரிலான தொகுப்புக்குத்தான் கிடைத்தது. கதைசொல்லி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பவர். அவர்கள் அவரிடம் உரிமையோடு அடம்பிடிக்கிறார்கள், பெட்டியைக் குடைகிறார்கள், சண்டை போடுகிறார்கள். சாரங்கராஜனும் அவர்களில் ஒருவன். அவன் ஒரு புத்தகம் கேட்கிறபோது, அது உனக்குப் புரியாது என்று மறுக்கப்படுகிறது. பிறகு இரண்டு குழந்தைகளுக்கு டைரிகள், கையெழுத்துப் போட்ட அன்பளிப்பாகக் கிடைக்கின்றன. சாரங்கனுக்கு இல்லை. அவன் கேட்கவும் இல்லை. தன் வீட்டுக்கு வரும்படி கதைசொல்லியை வருந்தி அழைக்கிறான். அவர் போனதும் உபசரித்துவிட்டு, தானே சம்பாதித்து வைத்திருக்கும் ஒரு டைரியை எடுத்து நீட்டி எழுதச் சொல்கிறான். என்ன எழுத என்று அவர் கேட்க, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதும்படி அவனே வாசகத்தைச் சொல்கிறான்.

குழந்தை மனசின் வெகுளித்தனத்தைச் சொல்லும் கதை என்றும், பெரியவரின் கவனக்குறைவுக்கு விழுந்த சவுக்கடி என்றும் இதைப் படித்திருக்கிறோம். எனக்கு இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை. தேவை, கோரிக்கை, வேட்கை என்று மூன்றைப் பிரித்தார் லக்கான். எந்தக் கோரிக்கையும் கேட்கப்படும் பொருளைத் தாண்டி அன்பையே கேட்கிறது என்பது அவர் வாதம். சாரங்கன் இந்த வாதத்தின் இரண்டு பாதிகளையும் கையால் பிரித்துக் காட்டுகிறான். பொருளைத் தானே வைத்துக்கொண்டு, அன்பை மட்டும் கேட்கிறான். டைரி கேட்டால் அது அநியாயமான கோரிக்கை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கொடுப்பவருக்கு ஒரு காசு செலவில்லாதபடி, மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லாதபடி, தன் கோரிக்கையைச் செதுக்கிச் செதுக்கி இரண்டு மூன்று சொற்களாக்கிவிட்டான். இது வெகுளித்தனமா? 'ஈ' என்ற சொல்லின் இலக்கணத்தை அந்த வயசிலேயே முழுக்கக் கற்றுத் தேர்ந்துவிட்ட ஒருவனின் துயரம் என்றுதான் எனக்குப் படுகிறது. அடம்பிடித்த குழந்தைகளுக்குக் கிடைத்துவிட்டது. நியாயமாகக் கேட்கக் கற்றவன் தன் பரிசைத் தானே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதே அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறா'ரில் மங்கம்மாளைப் பார்க்கலாம். தீபாவளிக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டை, எங்கிருந்தோ வந்த அநாதைப் பையனுக்குக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்கிறாள். அது அப்பாவுக்கென்று வாங்கியது. வீட்டுக் கணக்குப்படி அநியாயமான கோரிக்கைதான். ஆனால் அவள் தன் இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை, அவன் குளிரைப் பார்த்துக் கேட்கிறாள். பியாஜே சொன்ன கூட்டாளிகளின் நியாயம் இங்கே இருக்கிறது. சாரங்கனுக்கு அது வாய்க்கவில்லை, அவன் எதிரே இருந்தது எப்போதும் கொடுப்பவரின் முகம் மட்டுமே.

நானும் சாரங்கன் வழிதான். ஆறாம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டுமென்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததற்காக 'வீட்டு நெலம தெரிஞ்ச புள்ள' என்ற பட்டம் கிடைத்தது. வறுமையைக் குழந்தையின் நற்குணமாக மொழிபெயர்த்துவிடும் அந்த வாக்கியத்தை வெகுகாலம் பெருமையோடு சுமந்தேன். அப்பாவிடம் பணம் இல்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் 'இல்லப்பா' என்று சொல்லியிருப்பார். அந்த 'இல்லை' எங்கள் இருவருக்கும் பொதுவானதாக இருந்திருக்கும். கேட்காததனால் அது என் ஒருவனுடையதாகிவிட்டது.

குழந்தைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கட்டும் என்பதல்ல என் கட்சி. மறுக்கலாம், மறுத்தாக வேண்டிய நிலைமைகள்தான் நம் வீடுகளில் அதிகம். ஆனால் மறுப்பு கொடுப்பவரின் வாயிலிருந்து, காரணத்தோடு வரவேண்டும். அந்த வேலையையும் குழந்தையின் தலையில் கட்டிவிட்டு அதற்குப் 'பக்குவம்' என்று பெயர் வைக்கிறோம்.

போன வாரம் இன்னொரு வீட்டில், இன்னொரு தட்டு. மகள் என் கண்ணைப் பார்த்தாள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.