புறப்பாட்டோடு முடிகிற பாடம்

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையின் கோபர்கைரனே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சிறிய அரங்கு. வெளியே விடாத மழை. உள்ளே அறுபது எழுபது பேர், பாதிப் பேர் பிள்ளைகள், பாதிப் பேர் பெற்றவர்கள். மேல்படிப்புக்காக பிரிட்டன் போகிறவர்களுக்கு ஒரு கன்சல்டன்சி நடத்திய ‘ப்ரீ டிபார்ச்சர் ஓரியன்டேஷன்’ அது. அக்கா மகளுக்குத் துணையாக நான் போயிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. திருநெல்வேலிக் குடும்பம்; தாராவியில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே சிட்கோ ரோ ஹவுஸுக்குக் குடிவந்தவர். திரையில் பெட்டி எடை பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தபோது என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “சார், பிள்ளைக்கு அங்க மேலுக்கு முடியலன்னா யாருகிட்ட போவா?”

மூன்று மணி நேரத்தில் அந்தக் கேள்விக்கு மேடையிலிருந்து பதில் வரவில்லை. அந்த நிகழ்ச்சியை எடைபோட எனக்கு அதுவே அளவுகோலாகிவிட்டது.

இத்தகைய கூட்டங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் யாருமே விமானம் ஏறியிராத குடும்பங்கள் அந்த அரங்கில் இருந்தன. அசல் சான்றிதழ்கள் செக்-இன் பெட்டிக்குள் போகக்கூடாது, தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டும் கூட வரவேண்டும், சனி ஞாயிறில் போய் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். தெரிந்தவர்களுக்கு இவை சாதாரணம். தெரியாதவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. ஒரே ஊருக்குப் போகிற மூன்று பெண்கள் அங்கேதான் முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டார்கள். டீ இடைவேளை முடிவதற்குள் ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகிவிட்டது. அந்தக் குழு ஒன்றுக்காகவே அன்றைக்கு மழையில் நனைந்தது தகும்.

ஆனால் சொன்னவற்றை அடுக்கிப் பார்த்தால், எல்லாமே ஏதாவது ஒரு கவுன்டரைத் தாண்டுவதற்கான பாடம். விசா கவுன்டர், விமான நிறுவனக் கவுன்டர், அங்கே இறங்கியதும் குடியேற்ற அதிகாரியின் கவுன்டர். மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். ஐஹெச்எஸ் என்கிற சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு விசா பதினாறு, பதினேழு மாதம் வருவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கணக்கிட்டு 1,164 பவுண்டு கட்டவேண்டும். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அதை எந்தத் திரையில், எந்தக் கார்டில் கட்டுவது என்று விளக்கினார்கள். கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தங்குமிடத்துக்கு அருகிலுள்ள ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 111, உயிர்போகிற அவசரத்துக்கு 999 அழைக்க வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த அம்மாவின் கேள்விக்கு முழுப் பதிலும் அதுதான்.

பண விஷயத்தில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. படிப்புக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கிக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பது விசா விதி. தொகை ஒருநாள்கூடக் குறையக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். சரியான எச்சரிக்கைதான். ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதை அந்த மேடையில் இருந்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. மாமா கொஞ்சம், சித்தப்பா கொஞ்சம், நகை வைத்துக் கொஞ்சம் என்று திரட்டி, 28 நாள் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கிற பணம் அது. பிள்ளை விமானம் ஏறும்போது அது கையில் இருக்காது. பிறகு வேலை தேடித்தான் ஆகவேண்டும். ‘வாரத்துக்கு இருபது மணி நேரம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அது பாடம் நடக்கும் காலத்துக்கான வரம்பு என்பதையும், மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது என்பதால் ஆப் வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பெரும்பாலும் விதிமீறலாகிவிடும் என்பதையும் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? கையில் காசில்லாத பிள்ளை முதலில் போய் நிற்பது அந்த வேலையில்தான். வேறொருவர் கணக்கில் ஓட்டலாம் என்று யோசனை சொல்ல அங்கே ஆள் இருக்கும். பிடிபட்டால் போவது இந்தப் பிள்ளையின் விசா.

ஏன் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்? அக்கறை இல்லாமல் அல்ல என்றே நினைக்கிறேன். நிகழ்ச்சியை நடத்துகிறவருக்குச் சேர்க்கைக்கான கமிஷன் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. மாணவர் போய்ச் சேர்ந்ததும் அவர் வேலை முடிந்தது. கமிஷன் வாங்குகிறவர் கஷ்டத்தைப் பற்றிப் பேசினால் வருகிற கூட்டம் குறையும். பழைய தகவல் திருத்தப்படாமல் கிடப்பதற்கும் இதே காரணம்தான். 2024 முடிவோடு கைவிடப்பட்ட பிஆர்பி என்கிற குடியிருப்பு அனுமதி அட்டையை எந்தத் தபால் நிலையத்தில் வாங்குவது என்று 2025 ஜூலையிலும் ஒரு படம் காட்டினார்கள். எல்லாம் இ-விசாவாகிவிட்டதே என்று ஒரு பையன் எழுந்து சொன்ன பிறகுதான் அடுத்த படத்துக்குப் போனார்கள்.

வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் 2018 முதல் புறப்படுமுன் பயிற்சி நடத்துகிறது. பல லட்சம் கடனோடு போகிற மாணவர்களுக்கும் அப்படி ஒன்றை, லாப நோக்கமில்லாத யாராவது நடத்தவேண்டும்.

இங்கே எனக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் புறப்பட்டார். அதற்கு முன் குடுமியை எடுத்து, கோட்டு சூட்டு வாங்கி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நன்மை நினைத்தவர்கள்தான். கேம்பிரிட்ஜில் குளிர் வந்தபோது அவர் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். கட்டிலில் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்த கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பார்க்க வந்த மகலனோபிஸ், அங்கே படித்துக்கொண்டிருந்த இளைஞர், விரித்துக் காட்டியிருக்கிறார். மேசையில் நாலு பேர் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று ஊரிலேயே கற்றுத்தந்துவிட்டார்கள். இரவில் தனியாக எப்படித் தூங்குவது என்பதை, அங்கே ஏற்கெனவே இருந்த ஒருவர்தான் சொல்லித்தர முடிந்தது.

மும்பைத் தமிழர்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல. தாராவிக்கு வந்த நம் தாத்தாக்களுக்கு ஊரில் யாரும் வகுப்பெடுக்கவில்லை. தாதர் ஸ்டேஷனில் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருப்பார். கூட்டிப்போய்ப் படுக்க இடம் காட்டுவார், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணி வரும், எந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பான் என்று சொல்லித்தருவார். அதிலும் குறை உண்டு. சொந்தக்காரன், சாதிக்காரன் என்று பார்த்துத்தான் அந்தக் கை நீளும். அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர் தவித்தார். ஆனாலும் அந்தப் பாடம் வந்து இறங்கிய நாளில் தொடங்கியது. இன்றைய பாடமோ விமான நிலைய வாசலில் முடிந்துவிடுகிறது.

அன்றைய நிகழ்ச்சியில் மிகச் சிறந்த பகுதி, லீட்ஸிலிருந்து வீடியோவில் பேசிய சீனியர் பெண்ணின் இருபது நிமிடம். நேரில் பார்க்காத அறைக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள் என்றாள். இங்கிலாந்தில் வாடகை டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது, வாங்கிய வீட்டுக்காரர் முப்பது நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போடவேண்டும் என்றாள். நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது அழுகை வரும், அழுதால் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள், மறைக்காதீர்கள் என்றாள். அரங்கு அமைதியாகிவிட்டது. நேரமாகிவிட்டது என்று அவள் பேச்சை முடித்துவைத்தார்கள். பெட்டி எடைக்கு அதற்கு முன் நாற்பது நிமிடம் போயிருந்தது.

முடிந்து வெளியே வந்தபோதும் மழை நிற்கவில்லை. ஸ்டேஷன் கூரையடியில் அந்த அம்மா மகளோடு நின்றிருந்தார். ஜிபி, 111, 999 மூன்றையும் விளக்கினேன். மகள் போனில் குறித்துக்கொண்டாள். அம்மா அதில் திருப்திப்படவில்லை. கன்சல்டன்சி கொடுத்த ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி, “எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்க சார்” என்றார். எழுதிக் கொடுத்தேன். மூன்றாக மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.