பொறியும் கலவையும்

பெட்ரோல் இயந்திரத்தின் கோளாறுகளில் மெக்கானிக்கின் திறமையை முழுமையாகச் சோதிப்பவை, பொறியின் நேரமும் கார்பரேட்டரின் கலவையும் ஒன்றின் வேடத்தை மற்றொன்று புனைந்துகொண்டு வரும் கோளாறுகளே. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் ஓடிய காலத்தில், பிக்-அப் இல்லை, வண்டி சூடாகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்ற முறையீடு எழுந்தால் பழி முதலில் கார்பரேட்டரின் மீது விழும். ஆனால் டைமிங் பிந்திய இயந்திரமும் இதே மூன்று அறிகுறிகளைத்தான் காட்டும்.

இயந்திரம் உறிஞ்சும் காற்று குறுகிய கழுத்து ஒன்றைக் கடக்கும்போது அழுத்தம் குறைய, அக்குறைவால் ஜெட் எனும் நுண்துளை வழியே பெட்ரோலை இழுத்து, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு எனக் கலந்து தருவது கார்பரேட்டர். கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில பாகை முன்னரே பிளக்கில் பொறி விழ வேண்டும். அந்தக் கணமே டைமிங். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் எனும் மின்தொடர்பு திறக்கும்போதுதான் பொறி பிறக்கிறது. அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், கேம் மீது உராயும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி, பாயிண்ட் தாமதமாகத் திறந்து, யாரும் தொடாமலேயே டைமிங் பிந்திவிடுகிறது. இதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் பாயிண்ட்டையும், அடுத்து டைமிங்கையும், கடைசியாகவே கார்பரேட்டரையும் பார்க்கிறார்கள். வண்டியைத் திறந்ததும் கார்பரேட்டரின் திருகைத் தேடும் கையை நம்புவதற்கில்லை.

இக்கலையின் நயம் கேட்பதில் இருக்கிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நிற்கும் நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் நொடிக்குச் சுமார் 33 பொறிகள் விழுகின்றன. அவற்றில் ஒன்று தவறுவதை, தேர்ந்த மிருதங்க ரசிகர் தாளம் தப்புவதை உணர்வதுபோல, பழகிய செவி உடனே பிடித்துவிடும். மின்சாரக் கோளாற்றில் இயந்திரம் விளக்கு அணைவதுபோலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாதபோது திணறி, ஏறி இறங்கி, மெல்ல அடங்கும். காற்று மிகுந்து மெலிந்த கலவை கார்பரேட்டரின் வாய்வழியே திருப்பிச் சீறும். அவ்வாயை உள்ளங்கையால் சற்றே மறைத்ததும் வேகம் கூடினால் அந்த ஐயம் உறுதிப்படும். டைமிங் மிக முந்தியிருந்தால் ஏற்றத்தில் சுமையோடு செல்லும்போது உலோகம் தட்டும் நாக்கிங் ஒலி எழும். செவி தந்த முடிவைப் பிளக்கின் நிறம் சரிபார்க்கிறது: காப்பிப்பழுப்பு நலம், கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் குறைவு.

பொறியும் கலவையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. 1911இல் இங்கே தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், இரண்டாம் உலகப்போர்க் காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியிலிருந்து எரிவாயு தரும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்டை உருவாக்கியது. அத்தகைய வாயு பெட்ரோலைவிட மெதுவாக எரிவதால் அதற்கேற்பப் பொறியை மேலும் முந்த வைக்க வேண்டியிருக்கும். எரிபொருள் மாறினால் நேரமும் மாறியாக வேண்டும்.

மதுரையின் கோடையோ இரண்டுமே சரியாக உள்ள வண்டியையும் நடுவழியில் நிறுத்தும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்ப் வெறுமையை இழுக்கும் அந்நிலைக்கு வேப்பர் லாக் என்று பெயர். பம்ப் மீது ஈரத்துணி சுற்றிப் பொறுத்திருப்பதே மருந்து. வத்தலக்குண்டு வழியே கொடைக்கானல் ஏறினால் சிக்கல் வேறு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட, சமவெளிக்கென டியூன் செய்த கார்பரேட்டர் மிகையாகப் பெட்ரோல் ஊட்டிப் பிளக்கைக் கரியாக்கும். அங்கேயே ஜெட்டை மாற்றிக் கலவையை மெலியச் செய்தால், கீழே இறங்கியதும் சூடும் நாக்கிங்கும் சேர்ந்தே வரும். இரண்டு நாள் மலைவாசத்துக்கு வந்த வண்டியின் ஜெட்டைத் தொடாமல், பிளக்கை மட்டும் துடைத்து அனுப்பும் மெக்கானிக், மதுரை வெயிலையும் கணக்கில் வைத்தவர்.