குருமனையும் சமையற்கட்டும்: யாழ்ப்பாணத்து மிஷன் வளவுகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துக் கிறித்தவக் கட்டடக்கலை பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் தேவாலயத்தின் முகப்போடு நின்றுவிடுகின்றன. அதன் அருகே அமைந்த குருமனை வெறும் துணைக்கட்டடமாகவே கருதப்படுகின்றது. ஆயின், சமூக வரலாற்றை அறிய விழைவோர்க்குக் குருமனையே கூடுதலான சான்று தருவதாகும். தேவாலயம் வழிபாட்டு வேளைக்குரியது; குருமனையோ நாள் முழுவதும் ஊரோடு உறவாட வேண்டியிருந்தது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அங்கு பணியாற்றிய பால்தேயுஸ் என்னும் குருவானவர் 1672 இல் வெளியிட்ட நூலில், குடாநாட்டுத் தேவாலயங்கள் பலவற்றின் படங்கள் உள்ளன. தேவாலயமும் அதனை அடுத்த வீடும் அங்கே இணைந்து காணப்படுகின்றன. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற இவ்வமைப்பை ஒல்லாந்தர் தம் ஆட்சித் தேவைக்கும் பயன்படுத்தினர். தேவாலயத்தைச் சார்ந்து பாடசாலையும், ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைப் பதியும் தோம்பும் இருந்தன. பாடசாலைக்கு வராதோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எனவே, ஊரவர்க்கு அவ்வளவு சமயத்தின் இருப்பிடமாக மட்டுமன்றி, அரசின் வாசலாகவும் தோன்றியிருத்தல் வேண்டும். 1795 இல் ஒல்லாந்தர் ஆட்சி அங்கு முடிவுற்றபின் இக்கட்டடங்கள் பல பேணுவாரின்றிப் பாழடைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1816 இல் தெல்லிப்பழையிலும் 1817 இல் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிஷனரிமார் குடியேறியபோது, அவர்கள் கண்டவை கூரையிழந்த பழைய சுவர்களே. அவற்றைத் திருத்தி வாழத் தொடங்கிய பின்னர், வளவின் பயன் மாறியது. பண்டத்தரிப்பில் 1820 முதல் ஜோன் ஸ்கடர் மருத்துவமும் பார்த்தார். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. முன்னர்ப் பதிவுக்கும் தண்டத்துக்கும் அஞ்சிச் சென்ற ஊர், இப்போது படிப்புக்கும் மருந்துக்கும் சென்றது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே.

எனினும், இம்மாற்றத்தை வியந்து போற்றுவதோடு அமைதல் ஆய்வாகாது. தொடக்கத்தில் உயர்சாதி மாணவர் மிஷன் வளவினுள் உணவருந்த மறுத்தனர். ஆகவே, அயலிலுள்ள சைவர் காணியிலே அவர்களுக்கெனச் சமையற்கட்டு அமைக்க நேர்ந்தது. கல்வி வேலிக்கு உள்ளே, சோறு வேலிக்கு வெளியே என்ற இந்த ஏற்பாடு, மிஷனரிமாரின் கொள்கைக்கும் யாழ்ப்பாணச் சாதியமைப்புக்கும் இடையே ஏற்பட்ட இணக்கத்தைப் புலப்படுத்துகின்றது. மிஷன் அறிக்கைகள் மாணவர் தொகையைக் கூறும். அம்மாணவர் எங்கே இருந்து உண்டனர் என்பதையோ கட்டடங்களின் கிடப்பே தெளிவாகக் காட்டும். விறாந்தையில் யார் ஏறினர், யார் முற்றத்தில் நின்றனர், யாருடைய கிணற்றில் யார் அள்ளினர் என்னும் வினாக்களும் இதனோடு சார்ந்தவை.

இக்காரணத்தாற் குருமனையை ஆராய்பவர் தூண்களையும் வளைவுகளையும் அளந்துவிட்டுத் திரும்புதல் போதாது. கிணறு, சமையற்கட்டு, படலை, அயற்காணி ஆகியனவும் வரைபடத்தில் இடம்பெறல் வேண்டும். அழகிய முகப்பைப் பேணுவோர் பின்வளவின் சிறு கட்டடங்களைப் பயனற்றவை என இடித்துவிடுவது எங்கும் எளிதில் நிகழக்கூடியது. அவ்வாறு இடிக்கப்படுமாயின், கல்விப்பணியின் பெருமைக்குரிய சான்று எஞ்சும். அப்பெருமை எவ்வெவ்விடங்களில் வளைந்து கொடுத்தது என்பதற்கான சான்று மறைந்துபோகும்.