குடையும் கம்பளியும்: சிபில் வெத்தசிங்கவின் சித்திரக் கிராமமும் ஊவாத் தோட்டக் குழந்தையும்

சிறுவர் நூற் சித்திரங்களை நமது விமர்சனம் நீண்டகாலமாகப் பொருட்படுத்தியதில்லை. நாவலுக்கும் கவிதைக்கும் அளிக்கப்பட்ட கவனத்தில் சிறு பங்குதானும் அவற்றுக்குக் கிட்டவில்லை. ஆயின், எழுத்தறியாப் பருவத்திலேயே உலகம் பற்றிய ஒரு நோக்கினை மனத்திற் பதிப்பது சித்திரமே. எது அழகிய மரம், எது வீடு, யார் கதைக்குரிய மனிதர் என்பனவற்றைக் குழந்தை முதலிற் படத்திலிருந்தே கற்கிறது. எனவே சித்திரமும் ஒரு கருத்துநிலைச் செயற்பாடே. இந்த அடிப்படையில், இயற்கையையும் நாட்டார் மரபையும் ஊற்றாகக் கொண்டு வரைந்த சிபில் வெத்தசிங்கவின் (1927–2020) 'குட ஹொரா' (குடைக் கள்வன்) என்னும் நூலைப் பதுளை, ஊவாத் தோட்டப் பகுதிகளில் நின்று வாசிக்க முற்படுகிறோம்.

காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையிற் பிறந்த வெத்தசிங்க, குழந்தைப் பருவத்திலேயே கொழும்புக்குப் பெயர்ந்தவர். பின்னர் 'லங்காதீப' பத்திரிகையிற் சித்திரக்காரராகச் சேர்ந்தார். அவர் வரைந்த கிராமம் பெரிதும் பிரிவின் பின்னர் நினைவிலிருந்து மீட்கப்பட்ட கிராமமாகும். பத்திரிகைத் தொழிலின் நகர வாழ்க்கையிலிருந்து திரும்பிப் பார்க்கும் கண் அது. அதன் இனிமைக்கும் எல்லைக்கும் காரணம் இங்கேயே உள்ளது.

1956ஆம் ஆண்டு வெளிவந்த 'குட ஹொரா'வின் கதை எளியது. ஒரு கிராமத்தவர் குடையை அறியார். மழை பெய்தால் வாழையிலையும் சேம்பிலையும் அவர்களுக்குக் குடையாகும். கிரி மாமா பட்டணம் சென்று குடையைக் கண்டு வியந்து ஒன்றை வாங்கி வருகிறார். கிராமத்துக் கோப்பிக் கடையில் அவர் இளைப்பாறும் வேளையில் அது களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், அதுவும் போகிறது. ஈற்றில் குடையின் மடிப்பினுள் கடதாசித் துண்டுகளை இட்டுவைத்து, அவை சிந்திய வழியே சென்றால், மரமொன்றின் கிளைகளில் குடைகள் தொங்குகின்றன. கள்வனுக்கென ஒன்றை விட்டுவிட்டு ஏனையவற்றைக் கொண்டு அவர் கடை திறக்கிறார். கள்வன் ஒரு குரங்கு!

ஒரே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வருதல், எளியவனின் சூழ்ச்சி, மனிதரை ஏய்க்கும் விலங்கு ஆகிய மூன்றும் நாட்டார் கதையின் கூறுகள். சித்திரங்களும் அம்மரபையே தழுவுகின்றன. தடித்த கோடும் தட்டையான வண்ணப் பரப்பும் கோலம் போன்று நெருங்கிய இலைத் தொகுதிகளும் விகாரைச் சுவரோவியத்தை நினைவூட்டுகின்றன. இங்கு இயற்கை பின்னணித் திரை அன்று. கதையை நடத்தும் பாத்திரங்களுள் ஒன்று.

இந்நூலைக் கிராமிய மயக்கம் எனத் தள்ளிவிடுவது இலகு. அத்தகைய கொச்சை மார்க்சியத்துக்கு நாம் உடன்படோம். பட்டணத்துப் பண்டம் கிராமத்துள் நுழையும் கணத்தை இச்சிறு நூல் கூர்மையாகப் பிடித்துள்ளது. இலை இலவசம், குடைக்கு விலையுண்டு. விலையுள்ள பொருள் வந்ததும் களவும் வருகிறது. குரங்கோ அப்பண்டத்தை விலையறியாது மரத்திற் கனியாகத் தொங்கவிடுகிறது. தனியுடைமையை நோக்கிய ஒரு சிரிப்பு இதில் உண்டு. ஆயினும் அச்சிரிப்பு ஒரு கடையாகவே முடிகிறது. முரண்பாடு சிறு வணிகத்திற் சமாதானம் அடைகிறது. கள்வன் மனிதனல்லன் ஆதலால் எவரும் தண்டிக்கப்படவில்லை, எவரும் கேள்விக்குள்ளாகவுமில்லை.

நூல் வெளிவந்த ஆண்டும் நோக்கத்தக்கது. தனிச் சிங்களச் சட்டமும், சரச்சந்திரவின் 'மனமே' நாடகமும், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைப்படமும் 1956க்கு உரியனவே. கிராமமே தேசத்தின் ஆன்மா என்னும் எண்ணம் கலைகளில் உருப்பெற்ற காலம் அது. அந்தத் தேசச் சித்திரத்திற் பெருந்தோட்டத்துக்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை ஏற்கெனவே நாடற்றவராக்கியிருந்தது. வெத்தசிங்க தாம் அறிந்த கிராமத்தையே வரைந்தார். அது அவர் குற்றமன்று. ஆனால் ஒரு கிராமமே முழு நாடாகக் கொள்ளப்படும்போது, வரையப்படாத குழந்தை எங்கே நிற்கிறது என்ற வினா எழுகிறது.

அக்குழந்தை பசறையிலோ ஹாலிஎலையிலோ ஒரு லயத்தில் நிற்கிறது. அங்கும் மழை பெய்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று நமுனுகுலையை மூடும் நாட்களில் தாய் மலைக்குப் போகிறாள். குடை அவளுக்குப் பயன்படாது. கொழுந்து பறிக்க இரு கைகளும் வேண்டும். இடுப்பிற் படங்கு, தலையிலிருந்து தொங்கும் கம்பளி, அதன்மேற் கூடை என்பனவே அவளது மழைக்கோலம். அக்கம்பளிக்கு ஒரு வரலாறுண்டு. கங்காணி முற்பணத்தோடு கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளியின் கடனிற் சேர்க்கப்பட்டது. அக்கடனே 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் வழியே அவரைத் தோட்டத்தோடு பிணைத்தது. கிரி மாமாவின் ஊரில் மழைக்கு மறைப்பு, மரம் தந்த இலை. தோட்டத்தில் அது கடன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே கிராமத்துக்கும் பெருந்தோட்டத்துக்கும் இடையிலுள்ள தூரமாகும்.

தோட்டத்தை எவரும் வரையவில்லை என்பதன்று. 1890இல் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைத் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய லிப்டனின் விளம்பரங்கள் கூடை சுமந்த பெண்ணை உலகெங்கும் காட்டின. 1930களில் மக்டொனால்ட் கில் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர் தேயிலைப் பிரசாரத்துக்கென இலங்கையின் சித்திர வரைபடமொன்றைத் தீட்டினார். இத்தகைய படங்களிலும் இயற்கை உண்டு, வண்ணம் உண்டு. இல்லாதவை பெரட்டும், நிறுவையும், பெயர் போடப்படாத நாளுமே. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தோட்டக் குழந்தைக்குக் கிடைத்த தன் தாயின் படம், பிறருக்குத் தேயிலை விற்பதற்காக வரையப்பட்ட படமே.

எழுத்தில் இக்குறை ஓரளவு தீர்க்கப்பட்டது. ஹாலிஎலை ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவலைத் தந்தார். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. தாலாட்டும் கங்காணியை எள்ளும் பாட்டும் அச்சேறின. மாசி மாதத்தில் லயத்து முற்றங்களில் ரதியும் மதனும் ஆட, சிவனின் நெற்றிக்கண்ணாற் காமன் எரியும் காமன் கூத்து இன்றும் சித்திரத்துக்குக் காத்திருக்கும் கலையாகவே உள்ளது. தப்பொலியும் அரிதாரமும் தீப்பந்தமும் நிறைந்த அவ்விரவு எந்த விகாரைச் சுவரோவியத்துக்கும் குறைந்ததன்று. தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொள்ளும் மலையக இளம் ஓவியர்கள் அண்மைக்காலத்திற் தோன்றியிருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் அவர்களது படைப்புக்களின் இடம் கண்காட்சிக்கூடம். லயத்துக் குழந்தையின் மடியன்று. மலையகப் படநூல் ஒரு மரபாக இன்னும் வளரவில்லை.

வெத்தசிங்கவிடமிருந்து நாம் கற்கவேண்டியது அவரது கிராமத்தையன்று, அவரது முறையை. கண்ட மரத்தையும் கேட்ட கதையையும் அவர் தாழ்வெனக் கருதவில்லை. 1986இல் ஜப்பானிற் பரிசு பெற்ற அந்நூலின் உலகப் புகழுக்கு அடித்தளம் அவ்வுள்ளூர்த்தன்மையே. அம்முறையைத் தோட்டத்துக்குக் கொணரும் ஓவியர், கம்பளியின் கறுப்பை அழகாக மட்டும் வரைய இயலாது. அதன் கடனையும் வரைய வேண்டும். அந்நூல் தமிழிலும் சிங்களத்திலும் வருதல் வேண்டும். ஏனெனில் பதுளை மலைச்சரிவில் லயமும் சிங்களக் கிராமமும் அயலயலே உள்ளன. இரண்டின்மேலும் பெய்வது ஒரே மழை. கிரி மாமாவின் குடையைக் கண்டு சிரித்த சிங்களக் குழந்தை, கம்பளியின் கீழ் நிற்கும் தாயையும் ஒரு நாள் தன் கதைக்குரியவளாகக் காணுமாயின், அதுவே சித்திரக் கலையின் சமூகப் பயன் என்போம்.