சாதுவன் பிடித்த ஒடிமரம்

மணிமேகலையில் வரும் ஆதிரை கதையை நாம் கற்புக் கதையாகத்தான் படிக்கிறோம். கணவன் கடலில் செத்துட்டான்னு கேள்விப்பட்டுத் தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை. கொஞ்சம் உள்ளே போகிறவர்கள், அவள் கணவன் சாதுவன் நாகர் தலைவனுக்குச் சொல்லும் பௌத்த அறத்தை எடுத்து விளக்குவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒருத்தன் நடுக்கடலில் கிடக்கிறானே, அவன் எப்படிப் பிழைத்தான்? அந்தக் கேள்வி பேச்சில் வருவதே குறைவு. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

காவியத்தின் 30 காதைகளில் 16ஆவது, ஆதிரை பிச்சையிட்ட காதை. சாதுவன் நல்ல பெயர் எடுத்தவன் இல்லை. மனைவியை விட்டுக் கணிகை வீட்டில் கிடந்து, சூதில் காசைத் தொலைத்து, கடைசியில் வணிகர்களோடு கப்பல் ஏறுகிறான். காற்றில் கப்பல் உடைகிறது. சாத்தனார் இந்த இடத்தில் ரொம்பச் சிக்கனம். ஒடிந்த மரம் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான், அலை அவனைத் தள்ளிக்கொண்டு போய் நாகர் மலைப்பக்கம் சேர்க்கிறது. அவ்வளவுதான். அலையோடு மல்லுக்கட்டும் வீரம் ஏதும் அங்கே இல்லை. கரையேறியதும் கடலில் பட்ட பாட்டில் அசந்து தூங்கிவிடுகிறான்.

இதைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையோடு வைத்துப் பாருங்கள். கோவலனின் முன்னோன் ஒருவனும் கப்பல் உடைந்து கடலில் விழுகிறான். சில நாள் நீந்துகிறான். மணிமேகலா தெய்வம் வந்து காப்பாற்றுகிறது. காரணம், அவன் முன்பு செய்த புண்ணியம். அந்த நன்றியில்தான் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைக்கிறான்.

ஆக, புண்ணியம் செய்தவனுக்குத் தெய்வம் வருகிறது. எல்லாவற்றையும் தொலைத்த சூதாடிக்கு ஒரு மரத்துண்டு கிடைக்கிறது. இரண்டு பேருமே பிழைக்கிறார்கள். நமக்குப் பிடித்தது முதல் கதைதான். 'ஆதிரையின் கற்புதான் சாதுவனைக் காப்பாத்துச்சு' என்று சொல்லி இரண்டாவதையும் முதல் கதையாக மாற்றிவிடுகிறோம். ஆனால் காவியத்தின் வரிசை அப்படி இல்லை. ஆதிரை தீயில் இறங்கும் முன்பே அவன் மரத்தைப் பிடித்துக் கரை சேர்ந்தாச்சு. அசரீரி அவளுக்குச் சொல்வது நடந்து முடிந்த செய்தி.

இது வெறும் இலக்கியச் சண்டை இல்லை. எங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடல் கிடையாது. ஆனால் தண்ணீர் இருக்கிறது. ஆண்டாள் கோயிலுக்குத் திருமுக்குளம், ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம், மலையில் மழை பெய்தால் திடீரென்று பெருகும் அய்யனார் கோவில் ஆறு, போதாக்குறைக்குத் தோட்டம் தோறும் கிணறு. பிள்ளைக்கு ஜாதகம் எழுதும்போது 'தண்ணியில கண்டம்' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளையைக் கிணத்துப் பக்கமே விடமாட்டார்கள். அது நீச்சல் படிக்காமலே வளரும். பிறகு ஒருநாள் கூட்டாளிகளோடு போய் விழுந்தால், ஜோசியம் பலித்தது என்போம். பலிக்க வைத்தது நாம்தான் என்பதை யார் சொல்வது? புண்ணியம் இருந்தவன் பிழைத்தான் என்பதும், விதி முடிந்தவன் போனான் என்பதும் ஒரே கணக்கு. இரண்டிலுமே கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

சாதுவன் கதையில் கற்றுக்கொள்ள இருக்கிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் மனித உடம்பு பெரும்பாலும் மிதக்கும். பயத்தில் கையை மேலே தூக்கி வீசும்போதுதான் தலை உள்ளே போகிறது. தண்ணீருக்கு வெளியே தூக்கிய கையின் எடையும் சேர்ந்து உடம்பை அமுக்கும். மல்லாந்து படுத்து, காது நனைய விட்டு, வாயும் மூக்கும் மட்டும் மேலே இருந்தால் போதும் என்று இருக்கணும். கட்டையோ காலிக் குடமோ கிடைத்தால் மேலே ஏறி உட்காரப் பார்க்கக்கூடாது, உருண்டுவிடும். உடம்பைத் தண்ணீரிலேயே விட்டுப் பிடித்துக்கொள்ளணும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் கடலைவிடக் குளத்திலும் கிணத்திலும் மிதப்பது கொஞ்சம் கஷ்டம். பழகாமல் வராது. கிணத்தில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய தலைமுறைக்கு இது தெரியும். மூச்சு நிதானத்துக்கு வருகிற வரைக்கும் சும்மா கிடப்பதுதான் முதல் பாடம். கரையைப் பற்றிய யோசனை அப்புறம்.

அதிர்ஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மரம் கைக்கு எட்டியது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிர்ஷ்டத்தைக் கரையில் இருப்பவர்களும் உண்டாக்கலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவர் இறந்துபோனார்கள். அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்த இருவருக்கும் ஒடிமரம் அந்தச் சேலைதான்.

சாத்தனாருக்கும் இது தெரிந்திருக்கிறது. நாகர் தலைவனிடம் சாதுவன் கேட்பதில் ஒன்று: கப்பல் உடைந்து உயிர் தப்பி இங்கே வருகிறவர்களைக் கொல்லாதே, காப்பாற்று. மறுபிறவி பற்றிய வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வேண்டுகோளை விட்டுவிடுவது நம் வாசிப்பின் குறை. தண்ணீரில் கிடந்து வந்தவன் அடுத்து வரப்போகிறவனுக்காகப் பேசுகிறான். இன்றைக்கு அவன் நம் ஊருக்கு வந்தால் கேட்பதும் பெரிதாக இருக்காது. ஒவ்வொரு நீர்த்தேக்கக் கரையிலும் நீளமாக ஒரு கயிறு, காற்றடைத்த ஒரு டியூப். அப்புறம், கண்டம் என்று ஜாதகத்தில் எழுதிய பிள்ளைக்குத்தான் முதலில் மிதக்கச் சொல்லிக்கொடுங்கள் என்பான்.