74 புள்ளிக்கு ஓர் அணைக்கட்டு

கூடங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஸ்கிராபிள் பலகையை விரித்து, பைக்குள் கைவிட்டு முதல் ஏழு காய்களை எடுத்தேன். ஏ, என், என், ஐ, சி, யு, டி. கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். சட்டென்று பொறி தட்டியது. நெஞ்சு படபடக்க ஏழையும் பலகையில் இறக்கினேன்: அன்னிகட்!

அண்ணன் மகள் காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அத்தை, நம்ம ஊர்ச் சொல்ல இங்கிலீஷ் எழுத்துல வச்சா ஆச்சா? இது செல்லாது.”

“செல்லும் ஏட்டி. எடுத்துப் பாரு.”

காலின்ஸ் ஸ்கிராபிள் சொற்பட்டியலைப் பார்த்தோம். இருக்கிறது! ஒற்றை ‘என்’ போட்டு ஒன்று, இரட்டை ‘என்’ போட்டு ஒன்று. இரண்டுமே செல்லும். நம்முடைய அணைக்கட்டுதான் அது, அச்சு அசலாக!

புள்ளிக் கணக்கைக் கேளுங்கள். முதல் எழுத்தான ஏ-யை நடுக்கட்டத்தில் வைத்தால், சி போய் எழுத்தை இரட்டிப்பாக்கும் கட்டத்தில் அமரும். ஆக 12. நடுக்கட்டம் சொல்லையே இரட்டிப்பாக்கும், 24. ஏழு காயையும் ஒரே முறையில் இறக்கியதற்கு 50. மொத்தம் 74! ஒற்றை ‘என்’ சொல்லின் ஆறு எழுத்தைக் கலைத்துப் போட்டால் ‘நாட்டிக்’ என்று இன்னொரு சொல் வரும். கப்பலோட்டம் சார்ந்தது என்று பொருள். ஆற்றுக்கு ஒரு சொல், கடலுக்கு ஒரு சொல், காய்கள் அதே ஆறு. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் புள்ளியைவிடப் பெரிது இதன் பொருள். இன்று நாம் அணைக்கட்டு என்றதும் பாபநாசம் மாதிரி உயர்ந்த சுவரும் தேங்கிய நீரும் மனதில் வருகின்றன. ஆங்கில அன்னிகட் அதுவல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டி, நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் கட்டு. மிச்சத் தண்ணீர் அதன் தலைக்கு மேலேயே வழிந்து போய்விடும். நம் முன்னோர் ஆற்றை நடத்திய முறை அந்த அயல்மொழிச் சொல்லுக்குள் அப்படியே பத்திரமாக இருக்கிறது!

ஆங்கிலத்தில் அணையைக் குறிக்கச் சொந்தச் சொல் இல்லாமலா இதை எடுத்துக்கொண்டார்கள்? இருந்தது. ஆனால் சென்னை மாகாணத்துக்கு வந்த பொறியாளர்கள் கல்லணையைப் பார்த்தார்கள். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதை அதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று அவர்களில் ஒருவரான ஆர்தர் காட்டன் மனம் திறந்து ஒப்புக்கொண்டார். கல்லணைக்கு அவர்கள் ஏட்டில் ‘கிராண்ட் அன்னிகட்’ என்றே பெயர். 1830களில் முக்கொம்பில் கட்டியதற்கு ‘அப்பர் அன்னிகட்’. 1847-ல் தொடங்கி 1852-ல் கோதாவரியில் கட்டி முடித்த தவளேஸ்வரம் கட்டுக்கும் அன்னிகட் என்றுதான் பெயர். வித்தையோடு பெயரும் சேர்ந்து போனது. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இது தமிழ்ச் சொல் என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கிறது.

அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? அணுமின் நிலைய வேலைக்காக ராஜஸ்தானின் ராவத்பாட்டாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பழக்கம். அந்த அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “எனிகட்டா? அது எங்க ஊர்ச் சொல்லாச்சே!” என்றார். அங்கே ஓடைக்குக் குறுக்கே கட்டும் தடுப்பணைக்கெல்லாம் அதுதான் பெயராம். ராஜஸ்தான்காரர் வாயில் நம் அணைக்கட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கூடங்குளம் பனையும் உடைமரமும் காற்றாடிகளும் நிற்கும் வறண்ட சீமை. பேரில் குளம் உண்டு. தாமிரபரணிக் கால்வாய் எதுவும் இவ்வளவு தூரம் வருவதில்லை. அதனால்தானோ என்னவோ அந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களை மந்திரம் போல் சொல்லிக்கொண்டிருப்பேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நதியை உண்பவன் நதியுண்ணி! இப்படிப் பெயர் வைத்தவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும். எட்டிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் 11. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை.

ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிறே மருமகளையும் கூட்டிக்கொண்டு வள்ளியூர், திருநெல்வேலி வழியாகப் பஸ் மாறி மாறி ஸ்ரீவைகுண்டம் போய்விட்டேன். தண்ணீர் கட்டின்மேல் கண்ணாடி விரிப்பாக வழுக்கி, கீழே நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கால்வாய்கள் நிறைந்து ஓடின. அவள் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டாள்: “அத்தை, கட்டமரான்லயும் ‘கட்டு’ இருக்குல்லா?”

ஏட்டி, என் தங்கமே! எனக்கே அதுவரை உறைக்கவில்லை. கட்டுமரத்தில் கட்டு முன்னால், அணைக்கட்டில் பின்னால். இடிந்தகரைக் கடலுக்கு மரத்தைக் கட்டினோம், தாமிரபரணிக்கு அணையைக் கட்டினோம். இரண்டு ‘கட்டு’ம் ஆங்கிலத்துக்குப் போய் ஸ்கிராபிள் பலகையிலும் ஏறிவிட்டன.

சுருட்டு, கஞ்சி, பந்தல் என்று அந்தப் பட்டியலில் நம் சொற்கள் இன்னும் உண்டு. எல்லாமே அருமைதான். என்றாலும் அணைக்கட்டுக்கு ஈடு இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கிராபிள் ஆடினால் இந்த ஒரு சொல்லை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். ஆற்றில் தண்ணீர் வரும் மாதத்தில் ஒருநாள் அவர்களை ஸ்ரீவைகுண்டத்துக்கும் கூட்டிப் போங்கள்.